பாத்துக்கிடலாம்

முதலில் வலது தோள்பட்டையை யாரோ பிய்த்தெடுக்கப் பார்த்தார்கள். அடுத்து இடுப்பெலும்பு தரையில் மோதியது. நாற்காலியில் நாலு வார்ப்பட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிற மனிதருக்குத் தரை ஏது, மோதல் ஏது? ஆனாலும் மோதியது. டாக்டர் பொன்சீலன் பல்லைக் கடிக்கப் போன நேரத்தில் இடது விலாவில் ஒன்று விழுந்தது. உள்ளேயிருந்த மூச்சு வெளியே போய்விட்டது. திரும்பி வருவதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவர் கத்தினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாக்கைக் கடித்திருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் நீதிபதி அம்மாள். இயந்திரக்காரர் நிறுத்தினார்.

பொன்சீலன் சட்டையிலேயே வாந்தியெடுத்தார். முப்பது வருஷமாக மற்றவர்கள் உடம்பில் கத்தி வைத்தவர், தன் உடம்பில் ஓர் அடி வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நல்ல பிள்ளை. அறுபது வயதில், தூத்துக்குடி நோவுமன்றத்தில், முப்பது நாற்பது பேர் வேடிக்கை பார்க்க, புற்றுநோயில் செத்துப்போன ஒருவரின் வலியை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் விலா எலும்பு ஒன்றும் உடையவில்லை. வலிக்கு மட்டும் அது தெரியவில்லை.

"முதல் சுற்று முடிஞ்சது. குற்றத்த ஒத்துக்கிட்டா மிச்சத்துல பாதியக் குறைக்கச் சட்டத்துல இடமிருக்கு," என்றார் நீதிபதி அம்மாள். "என்ன சொல்லுதீங்க டாக்டர்?"

பொன்சீலன் தலையைத் தூக்கினார். அந்த நிலைமையிலும் அவருக்குள் இருந்த வைத்தியன் சும்மா இருக்கவில்லை. தோள், இடுப்பு, விலா. ஒரே விலா, மூன்று தடவை. புற்றுநோய்க்கு இப்படி ஒரு வரிசை கிடையாது.

"அம்மா, இது புற்றுநோய் வலி இல்ல," என்றார். "இது உதை. கையப் பிடிச்சு இழுத்துக் கீழ போட்டு யாரோ மிதிச்சிருக்காங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன் பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு வந்தான். இறந்துபோன இசக்கிமுத்துவின் மகன் கொம்பையா. வழக்குப் போட்டவன் அவன்தான். காவலர்கள் சுதாரிப்பதற்குள், கட்டிப் போட்டிருந்த மனிதரின் முகத்தில் ஓங்கிக் குத்தினான். மூக்குத்தண்டு நொறுங்குகிற சத்தம் பொன்சீலனுக்கு உள்ளேயே கேட்டது. இது மட்டும் சொந்த வலி.

"நீரு சொல்லித்தானவே எங்கப்பா செத்தாரு! இப்ப உதைங்கீரு, மிதிங்கீரு! வெளிய வாரும், பாத்துக்கிடலாம்!"

நாலு பேர் சேர்ந்து அவனைப் பின்வரிசைக்கு இழுத்துப் போனார்கள். அந்தக் கடைசிச் சொல்லைப் பொன்சீலன் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பொன்சீலன் இளைஞராக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போனால் முதலில் உடைவது வாசல் கண்ணாடி, அடுத்தது டாக்டரின் மூக்கு. டாக்டர்மேல் கை வைத்தால் ஜெயில் என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. அழுகிறவன் காதில் ஜெயிலா ஏறும்? கடைசியில் சமநோவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நீண்டநாள் நோயாளிகள் எல்லோருக்கும் கழுத்துக்குக் கீழே, தோலுக்கடியில் மிளகு அளவில் ஒரு மணியை வைத்தார்கள். அவர்கள் படுகிற வலியெல்லாம் அதில் பதியும். ஆள் இறந்து, டாக்டர் எடுத்த முடிவு தப்பு என்று மன்றம் சொன்னால், மணியில் இருக்கிற உச்சவலியை எடுத்து டாக்டரின் நரம்புக்குள் விடுவார்கள். இம்மி கூடாது, இம்மி குறையாது. நோவுமணி என்று பெயரும் வைத்தார்கள். அதற்கப்புறம் கண்ணாடிகள் உடையவில்லை. ஊர் நாகரிகமாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். முன்னே பத்துப் பேர் செய்ததை இப்போது ஒரு நாற்காலி செய்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கிமுத்து பொன்சீலனிடம் வந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல தேகக்கட்டு. ஒன்றுக்குப் போவதில் லேசான சிரமம், ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் சுரப்பிக்கான அளவு கொஞ்சம் கூடுதல். புராஸ்டேட்டில் ஊசி குத்தி எடுத்த சதையில் ஒரே ஒரு துணுக்கில் மட்டும் புற்றுநோய்ச் சந்தேகம். அதை நாலு டாக்டர்கள் பார்த்தார்கள், நாலு விதமாகச் சொன்னார்கள். பொன்சீலன், இது மூணாம் தரம், தூங்குகிற செல், எழுப்பாதீர்கள் என்றார். இன்னொருவர் நாலாம் தரம், புரண்டு படுக்க ஆரம்பித்துவிட்டது என்றார். மூன்றாமவர் மறுபடி ஊசி போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவினார். டாக்டர் ஞானமலர் அந்தச் சதைத்துணுக்கு வைத்த கண்ணாடித் தகட்டை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே அறுவை என்று சொல்லிவிட்டார்.

"அறுக்க அப்படி என்ன அவசரம், ஞானமலர்?" ஆஸ்பத்திரி கேண்டீனில் பொன்சீலன் கேட்டார். "இந்த மாதிரி ஆட்கள்ல முக்கால்வாசிப் பேரு இதோடயே எண்பது வயசு வரைக்கும் இருந்துட்டு, வேற எதுலயாவது போய்ச் சேருவாங்க."

"தெரியும் சார். நீங்க கத்துக் கொடுத்ததுதானே."

"அப்புறம்?"

ஞானமலர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பொன்சீலனிடம் பயிற்சி பெற்றவர், ஊரிலேயே கைராசிக்காரர் என்று பேரெடுத்தவர். "நான் அறுத்தா அந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் மூத்திரம் சொட்டும். பொண்டாட்டி பக்கத்துல படுக்கக் கூச்சப்படுவாரு. கல்யாண வீட்டுக்குப் போக மாட்டாரு. இதெல்லாம் மணியில பதியுமா சார்? அவமானத்துக்கு மணி கிடையாது. ஆனா காத்திருந்து, அது எலும்புக்குப் போச்சுன்னு வைங்க, அந்த வலி பதியும். அப்ப நாற்காலி யாருக்கு?"

"அப்ப நாற்காலிக்குப் பயந்து ஒரு மனுஷன வெட்டுவீங்களா?"

"நான் மட்டுமா? ஊரே வெட்டுது சார். காத்திருப்போம்னு சொல்லுத ஒரே ஆளு நீங்கதான். உங்கள நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

பொன்சீலன் சிரித்தார். வீம்பு என்றும் சொல்லலாம், மனசாட்சி என்றும் சொல்லலாம். அவரிடம் இரண்டும் சரிபாதி இருந்தன. தனக்குப் பயமில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமைப்படுகிறவன் அவசரமாகப் பேசுவான்.

மறுநாள் இசக்கிமுத்துவை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்போம். கூடினா அப்ப யோசிப்போம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம். பாத்துக்கிடலாம்."

இசக்கிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்த கொம்பையா திரும்பி, "என்னப்பா சொல்லுதாரு?" என்றான்.

"பாத்துக்கிடலாம்னுட்டாருடா!"

மகன் முகமும் மலர்ந்தது. பொன்சீலனுக்கும் திருப்தியாக இருந்தது. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்த ஊர்ப்பக்கம் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். பெண் கேட்டு வந்தவர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப அதைத்தான் சொல்வார்கள். கடைத்தெருவில் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு போகிறவன் சொல்வதும் அதுதான். ஒன்றுமில்லை, போய்த் தூங்கு என்பதற்கும் அதுதான். டாக்டர் ஒருவர் மட்டும் அதைப் பார்ப்பது என்ற அர்த்தத்தில் சொன்னார். இசக்கிமுத்து அதன்பின் ரத்தம் எடுக்க வரவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்குச் செய்தி போனது. பதில் வராததை யாரும் கவனிக்கவில்லை. பொன்சீலனும்தான்.

இரண்டாம் கருத்து என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது. தண்டனை பெற்ற டாக்டர் வலியின் காரணத்தை மறுத்தால், அந்த நோயாளி விஷயத்தில் மாறுபட்ட முடிவு சொன்ன டாக்டர் ஒருவர் அதே வலியை வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொன்சீலனை அவிழ்த்து ஓரமாக உட்காரவைத்து மூக்கில் பஞ்சு வைத்தார்கள். ஞானமலரைக் கூப்பிட்டார்கள்.

அவர் மூக்குக் கண்ணாடியையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி மேசைமேல் வைத்தார். பொன்சீலன் இருந்த பக்கம் பார்க்கவேயில்லை. சாட்சிக்கு வார்ப்பட்டை கிடையாது என்பதால் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். இயந்திரக்காரர் நெற்றிப்பட்டையை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ஞானமலரின் வலது தோள் மேலே எகிறியது. உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிறகு விலாவில் ஒவ்வொன்றாக விழ விழ, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். பொன்சீலன் கண்ணை மூடிக்கொண்டார். தனக்காக இன்னொருவர் அடி வாங்குவதைக் கேட்க, தான் வாங்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

இயந்திரம் நின்றதும் ஞானமலர் நெற்றிப்பட்டையைக் கழற்றினார். அவர் உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

"எலும்பு," என்றார். "முதுகுத்தண்டு பூரா பரவியிருக்கு."

"உதை தெரியலையா?" பொன்சீலன் எழுந்துவிட்டார். "மூணு உதை, ஞானமலர்!"

"முறிஞ்சது தெரிஞ்சுது சார். கட்டில்லருந்து விழுந்திருக்காரு. உளுத்த எலும்பு விழுந்தா முறியும்."

"விழுந்தவனுக்கு ஒரே இடத்துல மூணு தடவையா அடிபடும்?"

"விலா ஒவ்வொண்ணா முறியும். உங்களுக்குத் தெரியாததா?" ஞானமலருக்கு அழுகை வந்துவிட்டது. "அதுக்கெல்லாம் கீழ ஒரு வலி விடாம ஓடுது சார். அது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கேட்க விரும்பியிருக்க மாட்டார். கீழே ஒரு வலி இருந்தால் அவர் முடிவு தப்பு. தப்பு என்றால் இனி இந்த ஊரில் எந்த டாக்டரும் காத்திருப்போம் என்று வாய் திறக்க மாட்டார். சந்தேகம் என்று வருகிற ஒவ்வோர் ஆணையும் மேசையில் கிடத்தி வெட்டுவார்கள்.

நீதிபதி அம்மாள் இயந்திரக்காரரைப் பார்த்தார். "மணி என்ன சொல்லுது?"

"மணிக்கு எவ்வளவுன்னுதான் தெரியும்மா. எதனாலன்னு தெரியாது."

"உடம்ப அறுத்துப் பாத்தாங்களா?"

"எரிச்சாச்சும்மா. எடுத்து வச்சது மணி மட்டும்தான்."

அப்போது கொம்பையா காவலர்களை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். முப்பத்தைந்து வயது, அப்பாவைப் போலவே அகலமான தோள். அப்பா செத்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு பெரிய படிப்பு படிச்சவுக, ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. அன்னிக்கும் இப்படித்தான் சொன்னாக. நான் உக்காருதேன். எங்கப்பாவோட நோவு எனக்குத் தெரியாதா?"

"கொம்பையா, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் நீதிபதி அம்மாள். "வலி சாதாரணமா இருக்காது."

"பெத்த அப்பன் தாங்குனத நான் தாங்க மாட்டனா?"

உட்கார்ந்தான். கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். அவன் தைரியத்தைப் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். இசக்கிமுத்துவை மிதித்தது துறைமுகத்து ஆட்களாக இருக்கும், பழைய பகையாக இருக்கும் என்றுதான் பொன்சீலன் அதுவரை நினைத்திருந்தார்.

இயந்திரக்காரர் பொத்தானை அழுத்தினார்.

வலது தோள் எகிறியது. கொம்பையாவின் கண் அகலமாகத் திறந்தது. இடுப்பு விழுந்தது. அந்த நொடியில், அடுத்தது வருவதற்கு முன்னாலேயே, அவன் முழங்காலை மடக்கிச் சுருண்டான். இரண்டு கையையும் கொண்டுபோய் இடது விலாவை மூடிக்கொண்டான்.

உதை இன்னும் வரவில்லை.

மன்றத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் அது புரிந்தது. பொன்சீலனும் ஞானமலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு வந்தது. நரம்புக்குள் வருகிற உதையைக் கையால் மறைக்க முடியுமா? கொம்பையா நாற்காலியிலிருந்து கீழே விழுந்தான். விழுந்த இடத்தில் உருண்டுகொண்டே கத்தினான். "எந்திரிங்கப்பா! எந்திரிச்சிருங்கப்பா! எந்திரிச்சா நான் நிறுத்திருவேன்ல!"

இயந்திரக்காரர் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்.

நீதிபதி அம்மாள் முகம் கறுத்திருந்தது. "இது மணியில இருக்கும்னு தெரிஞ்சுமா வழக்குப் போட்டீங்க?"

கொம்பையா தரையில் கிடந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தான். "நோவுமணின்னுதானம்மா சொன்னாக. சீக்கு பதியும்னு நெனச்சேன். அடியும் பதியும்னு யாரும் சொல்லலையே."

அந்தப் பக்கத்தில் நோவு என்றால் சீக்குதான். சட்டம் எழுதியவர்கள் சென்னைக்காரர்கள்.

ஞானமலர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாடியைப் பிடித்தார். அவன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டரம்மா, கீழ ஒண்ணு கெடந்துச்சே. நான் மிதிக்கதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நின்ன பெறகும் போகல. முதுகுக்குள்ள யாரோ ஆணி அறையுத மாதிரி. அது என்னது?"

"அதுதான்யா எலும்பு."

"எப்பவும் இருக்குமா?"

"இருக்கும்."

கொம்பையாவின் வாய் கோணியது. "அப்ப அவரு நடிக்கலையா?"

இல்லை என்று ஞானமலர் தலையாட்டினார்.

"ஆறு மாசமாக் கட்டில்ல கெடந்தாரு. முதுகு போச்சு முதுகு போச்சுன்னு சின்னப்புள்ள கணக்கா அழுவாரு. கிரேன் மேல ஏறி நின்ன மனுஷன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு, இவரு ஏன் நம்மள இந்தப் பாடு படுத்துதாருன்னு. ஒரு நாள் கையப் பிடிச்சு இழுத்துட்டேன்."

பொன்சீலனின் மூக்கிலிருந்த பஞ்சு நனைந்து ஊறிவிட்டது. "ஒண்ணுமில்லன்னு நான் சொல்லலையே தம்பி. பாத்துக்கிடலாம்னுதான சொன்னேன்?"

கொம்பையா அவரைப் புரியாமல் பார்த்தான்.

"நானும் அதத்தான சார் சொல்லுதேன்," என்றான்.

நீதிபதி அம்மாள் தீர்ப்பைத் திருத்தி வாசித்தார். உச்சவலிக்குக் காரணம் டாக்டர் இல்லை என்பதால் அவர் மேலிருந்த தண்டனை ரத்து. கொம்பையாமேல் போலீஸ் தனி வழக்குப் போடும். மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தது. போகிறபோது இரண்டொருவர் பொன்சீலனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் ஜெயித்துவிட்டார். நாளைக்கு எந்த டாக்டரும் தைரியமாகக் காத்திருப்போம் என்று சொல்லலாம், மன்றமே ஒத்துக்கொண்டுவிட்டது. சந்தோஷம் எங்காவது இருக்கிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

இயந்திரக்காரர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பொன்சீலன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"உச்சம் மட்டும்தான ஓட்டுனீங்க? அதுக்கு முந்தின ஆறு மாசமும் மணியில இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"ஓட்டுங்க."

நீதிபதி அம்மாள் எழுந்தவர் நின்றுவிட்டார். "டாக்டர், உங்க மேல குற்றமில்லன்னு சொல்லியாச்சு. சட்டப்படி நீங்க இத வாங்க வேண்டியதில்ல."

"சட்டத்துக்காக இல்லம்மா."

ஞானமலர் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மூக்கு ஒடஞ்சு போயிருக்கு. மொதல்ல வீட்டுக்குப் போங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்."

பொன்சீலன் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"இல்லம்மா," என்றார். "இப்பப் பாக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்து, வார்ப்பட்டைகளை அவரே ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளத் தொடங்கினார். நாலாவது மட்டும் கைக்கு எட்டவில்லை. ஞானமலர் குனிந்து அதை மாட்டிவிட்டார்.